சீருடையைக் கழற்றிய பிறகு

ஆப்பிரிக்க இலக்கியம் என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது புத்தக அட்டைகள்தான். ஆச்செபேயின் 'சிதைவுகள்', கூகி வா தியாங்கோவின் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்', இந்திரனின் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்'. நாடகம் என்று கேட்டால் வோலே சோயிங்கா என்று ஒரே ஒரு பெயர் சொல்வோம். அவரையும் நாடகமாகப் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. பிரதியாக வாசித்தவர்கள்தான் அதிகம். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். 1960-ல் நைஜீரியா விடுதலை அடைகிறது, சோயிங்கா எழுதுகிறார், நைஜீரிய நாடகம் பிறக்கிறது. கணக்கு சுத்தமாக இருந்தது. அந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டவர் ஒரு முன்னாள் போலீஸ்காரர்.

ஹூபர்ட் ஒகுண்டே. 1916-ல் இஜெபு-ஓடேக்குப் பக்கத்தில் ஒசோசா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். பையன் தேவாலயத்தில் பாட்டுக் கற்றுக்கொண்டான். அதே வயதில் அலாரிஞ்ஜோ எனப்படும் முகமூடிக் கூத்துக்காரர்களோடும் சேர்ந்து ஆடினான். பெரியவனாகிப் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தார், 1941-ல் காவல்துறையில் சேர்ந்தார். லாகோஸ் பக்கம், எபூட்டே மெட்டாவில் பணி. அங்கே 'அலாதுரா' சபை ஒன்று கட்டட நிதி திரட்டுவதற்காக அவரிடம் ஒரு பாட்டு நாடகம் கேட்டது. ஆதாம் ஏவாள் கதையை எடுத்து 1944 ஜூன் 12 அன்று லாகோஸின் குளோவர் நினைவு அரங்கத்தில் போட்டார். அலாதுரா சபைகளில் மத்தளமும் ஆட்டமும் பாவமல்ல. அதனால் மேடையிலும் அவை தாராளமாக நுழைந்தன. நாடகம் பெரிய வெற்றி. கொஞ்ச காலத்திலேயே சீருடையைக் கழற்றிவிட்டு, நைஜீரியாவின் முதல் தொழில்முறை நாடகக் கம்பெனியைத் தொடங்கிவிட்டார்.

வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் எல்லாம் இந்த இடத்தில் 'கலைக்காக அரசாங்க வேலையைத் துறந்தார்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். எனக்கு அந்தத் 'துறந்தார்' உடன்பாடில்லை. அவர் ஒரு சம்பளத்தை விட்டார், வாஸ்தவம். ஆனால் அதற்குப் பதிலாக இன்னொரு சம்பளத்தை உண்டாக்கினார். தனக்கும், தன்னிடம் சேர்ந்த ஒவ்வொருவருக்கும். அதுவரை யொருபா நாட்டில் நாடகம் என்றால் சபையின் பண்டிகை நாடகம், பள்ளிக்கூட நாடகம், இல்லையென்றால் அலாரிஞ்ஜோ கூத்து. கூத்தாடி என்றால் ஊருக்கு இளப்பம். 'அலாரிஞ்ஜோ' என்ற பெயரே 'நடந்துகொண்டே ஆடுகிறவன்' என்ற பொருளில் ஏளனமாக வழங்கியதுதான். இந்தச் சூழலில் ஒரு போலீஸ்காரர் தன் கம்பெனிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'ஆப்பிரிக்க இசை ஆராய்ச்சிக் குழு'. ஆராய்ச்சியாம்! டிக்கெட் விற்று ஊர் ஊராகப் போகிற கம்பெனிக்கு எதற்கு ஆராய்ச்சி? மரியாதைக்காக வைத்த பெயர் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் 'கூத்தாடப் போகிறேன்' என்று சொல்ல முடியாத பையன்களும் பெண்களும் 'ஆராய்ச்சிக் குழுவில் வேலை' என்று சொல்லிவிடலாமே. கம்பெனி நிலைத்த பிறகு அந்தச் சொல் காணாமல் போய்விட்டது. அடுத்தடுத்த பெயர்களில் 'ஒகுண்டே' மட்டும்தான் மிஞ்சியது.

அவர் நாடகங்களின் அமைப்பு எளிமையானது. முதலில் 'ஓபனிங் க்ளீ' என்ற வரவேற்பு ஆட்டப்பாட்டு, நடுவில் கதை, கடைசியில் 'குளோசிங் க்ளீ'. பெயர் விக்டோரிய காலத்துக் கச்சேரி மேடையிலிருந்து வந்தது, தாளம் யொருபா. நடுவிலுள்ள கதையில் எழுதி வைத்தவை பெரும்பாலும் பாட்டுகள்தான். உரையாடலைச் சூழ்நிலை சொல்லிக் கொடுத்து ஒத்திகையிலேயே வளர்த்தெடுப்பார்கள், இன்றைய ஊருக்கு இன்றைய வசனம். இதனால்தான் பல்கலைக்கழக விமர்சகர்கள் அவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். மேற்கோள் காட்டப் பக்க எண் இல்லாத நாடகாசிரியரை என்ன செய்வது? எபுன் கிளார்க் 1970-களில் ஒகுண்டேயைப் பற்றித் தனிநூலே எழுதும் அளவுக்கு உழைத்தபோது, பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும் நேர்காணல்களையும் தோண்டித்தான் அந்த நாடகங்களின் உருவத்தை மீட்க வேண்டியிருந்தது. பிறகு காரின் பார்பர் ஓயின் அடெஜோபி கம்பெனியோடு தானே சேர்ந்து நடித்து, பிரதி இல்லாமல் ஒரு நாடகம் எப்படி உண்டாகிறது என்பதைப் பதிவு செய்தார். ஆராய்ச்சிக்காக மேடையேறிய ஆங்கிலேயப் பெண்மணி! ஒகுண்டே தன் கம்பெனிக்கு வைத்த பெயருக்கு ஒருவழியாகப் பொருள் கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். போலீஸ் வேலை அவரிடம் எதை விட்டுச் சென்றது?

1945-ல் நைஜீரியாவில் பெரும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ரயில்வே, தபால், அரசு அலுவலகத் தொழிலாளர்கள் ஆறு வாரத்துக்கு மேல் நின்றார்கள். அந்தச் சூட்டிலேயே ஒகுண்டே 'வேலைநிறுத்தமும் பசியும்' என்ற நாடகத்தைக் கொண்டுவந்தார். அந்நிய அரசன் ஒருவன் நாட்டைப் பிடித்து மக்களைப் பட்டினி போடுகிற கதை. யார் அந்த அரசன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை. 1946-ல் ஜோஸ் நகரத்தில் போலீஸ் நாடகத்தை நிறுத்தியது. நேற்றுவரை அதே சீருடையில் இருந்தவர் இன்று அபராதம் கட்டுகிறார். 1949 நவம்பரில் எனுகு பக்கம் ஈவா பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களை போலீஸ் சுட்டு 21 பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே 'ரொட்டியும் தோட்டாவும்' வந்தது. வடக்கே அதற்கும் தடை.

இந்த நாடகங்களை 'எதிர்ப்பு இலக்கியம்' என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஒகுண்டேயின் சாமர்த்தியம் கண்ணில் படாது. அதிகாரம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காமல் விடும் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. அனுமதிச் சீட்டு, அரங்க வாடகை, சுவரொட்டி, ஊருக்கு ஊர் மாறும் அதிகாரி... இந்த நடைமுறையெல்லாம் தெரிந்த ஆள். தடை வந்தால் கம்பெனி கலைந்துவிடவில்லை, அடுத்த ஊரில் அடுத்த நாடகம் தயாராக இருந்தது. எழுத்தாளர் ஒருவரின் ஒரு நூலுக்குத் தடை வந்தால் அது அவர் வாழ்வின் பெரிய நிகழ்ச்சி. ஒகுண்டேக்கு அது அந்த மாசத்து வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி. இதைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்குப் பல ஊர் ஆடி, அந்தக் காசில் சோறு சாப்பிட்டுக்கொண்டே அரசை எதிர்ப்பது, எழுதி வைத்துவிட்டு எதிர்ப்பதைவிடக் கடினம் என்றே எனக்குப் படுகிறது.

அவருடைய உச்சம் 1964. 'யொருபா ரோனு' — 'யொருபா மக்களே, யோசியுங்கள்'. மேற்கு மாகாண முதல்வர் அகிண்டோலாவுக்கு வேண்டிய ஒரு பண்பாட்டு அமைப்பு, தன் தொடக்க விழாவுக்காக ஒகுண்டேயிடம் கேட்டு வாங்கிய நாடகம் இது. நல்ல அரசன் ஒருவனை அவனுடைய துணைவனே காட்டிக்கொடுத்துச் சிறைக்கு அனுப்புகிறான் என்பதுதான் கதை. அப்போது அவோலோவோ நிஜமாகவே சிறையில் இருந்தார், அவருடைய துணைத்தலைவராக இருந்த அகிண்டோலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். மாகாணம் முழுக்க ஒகுண்டே கம்பெனிக்கு இரண்டு ஆண்டுத் தடை. 1966 ஜனவரி ராணுவப் புரட்சியில் அகிண்டோலா கொல்லப்பட்டு, புதிய நிர்வாகம் வந்த பிறகுதான் அது நீங்கியது.

கூலி கொடுத்தவனையே மேடையில் நிறுத்திக் காட்டிய இந்தக் காரியத்தைப் புகழாமல் இருக்க முடியாது. ஆனால் விமர்சனம் என்று வந்தால் ஒரு சங்கடமும் இருக்கிறது. வெள்ளைக்காரனை எதிர்த்த நாடகங்களில் மக்கள் ஒருபக்கம், அரசன் மறுபக்கம், கோடு தெளிவு. 'யொருபா ரோனு'வில் துரோகம் வீட்டுக்குள் நடக்கிறது, தீர்வோ பழைய ஒற்றுமைக்குத் திரும்புவது. யொருபா மக்கள் யோசிக்க வேண்டும் சரி, நைஜீரியாவின் மற்றவர்கள்? பலமொழி பேசும் ஒரு புதிய நாட்டில், கட்சிச் சண்டையின் நடுவில், ஒரு மொழிக்காரர்களை மட்டும் கூப்பிடும் அந்தக் குரலில் ஆபத்தும் கலந்திருந்தது. அதன் தலைப்புப் பாட்டு இசைத்தட்டாக வந்து பரவியது, அரசியல் மேடைகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. யார் யார் எதற்காகப் போடுகிறார்கள் என்று பார்த்தால் இந்தச் சங்கடம் புரியும்.

அடுத்தது இதைவிடப் பெரிய சங்கடம். 1946-ல் 'புலியின் பேரரசு' நாடகத்துக்காகச் சம்பளம் தந்து நடிகைகள் தேவை என்று ஒகுண்டே விளம்பரம் கொடுத்தார். யொருபா மேடையில் பெண்கள் தங்கள் பெயரோடு, கூலியோடு, தொழிலாக நடிக்க வந்தது அப்போதுதான். இது சின்ன விஷயமில்லை. ஆனால் நடிக்க வந்த பெண்களைக் குடும்பமும் ஊரும் சும்மா விடவில்லை. பழக்கி முடித்ததும் கல்யாணம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். கம்பெனி ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒகுண்டே கண்ட வழி: தானே கல்யாணம் செய்துகொள்வது. ஒருத்தியை இல்லை, ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை. மனைவிகள் நடிகைகள், பிள்ளைகள் நடிகர்கள், வீடே கம்பெனி.

பலர் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். பலதார மணம் அந்தச் சமூகத்தில் வழக்கம்தான் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே போதவில்லை. பெண்ணுக்கு 'நடிகை' என்ற தொழிலைத் திறந்துவிட்ட அதே மனிதர், அந்தத் தொழிலின் வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டதும் இப்படித்தான். நடிகை சம்பளம் போதவில்லை என்று வேறு கம்பெனிக்குப் போகலாம். மனைவி போக முடியுமா? இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஒகுண்டேயின் மனைவி' என்ற பெயர் அந்தப் பெண்களை ஊர் வாயிலிருந்து காப்பாற்றியது. அவர்கள் பல பத்தாண்டுகள் மேடையில் நின்றார்கள். அவர்களில் முதன்மையானவர் அடெசேவா. 1940-களின் கடைசியில் இங்கிலாந்து வரை கூடப் போய் நடனம் பயின்றவர், கம்பெனியை நடத்தியதில் சரிபாதி. 1970-ல் நாடகத்துக்குப் போகும் வழியில் சாலை விபத்தில் இறந்தார். ஒகுண்டேயின் பெயரில் நிற்கும் நாடகங்களில் எத்தனை காட்சிகள் ஒத்திகையில் அவர் வாயிலிருந்து பிறந்தவை? எழுதாத நாடகத்தில் ஆசிரியர் யார் என்ற கேள்வி கொள்கை அளவில் சுவாரசியமானது. இந்த வீட்டுக்குள் கேட்டால் அது கூலி பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

வேலையை விட்டு வந்த இன்னொருவரைப் பார்த்தால் ஒகுண்டேயின் எல்லை தெரியும். டுரோ லாடிப்போ, ஒஷோக்போ ஊர்ப் பள்ளி ஆசிரியர், ஆங்கிலிக்கன் சபை ஊழியரின் மகன். 1961-ல் ஈஸ்டர் பண்டிகைக்கு ஒரு இசைநாடகம் அமைத்து, தேவாலயத்துக்குள் பேசும் மத்தளத்தைக் கொண்டுபோய்விட்டார். சபை பொங்கியது. அது அஞ்ஞானிகளின் வாத்தியமாம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். யொருபா தொனி மொழி. 'ஒகொ' என்ற ஒரே ஒலியைச் சுருதி மாற்றிச் சொன்னால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று பொருள் மாறிவிடும். இந்த மொழியில் மொழிபெயர்த்த கீர்த்தனைகளை ஆங்கில மெட்டில் பாடினால் என்ன ஆகும்? மெட்டு மேலே போகிற இடத்தில் சொல் கீழே வர வேண்டியிருக்கும். பக்தியோடு எதையோ உளறிக்கொண்டிருப்பார்கள். மத்தளம் தொனியைப் பின்பற்றுவதால் சொல்லைச் சரியாகச் 'சொல்லும்'. ஆக லாடிப்போ கேட்டது அலங்காரத்துக்கு மத்தளம் இல்லை, சொல்லுக்குப் பொருள். சபை கேட்கவில்லை. அவர் அந்த இசையை இபாதான் நகரத்து ம்பாரி மன்றத்துக்குக் கொண்டுபோனார். 1962-ல் ஒஷோக்போவிலேயே 'ம்பாரி ம்பாயோ' மன்றம் திறந்தார், உல்லி பையர் துணை நின்றார். 1963-ல் 'ஓபா கோசோ' வந்தது. இடிக்கடவுளாகிவிட்ட ஷாங்கோ மன்னனின் கதை. லாடிப்போவே ஷாங்கோ, மேடையில் வாயிலிருந்து நெருப்பு உமிழ்வார், மனைவி அபியோடுன் ஓயா தேவியாக நடிப்பார். 1964-ல் பெர்லின் விழாவில், ஒரு சொல்லும் புரியாத கூட்டத்தின் முன்னால் ஆடினார்கள்.

ஒகுண்டேயின் மொழி சந்தையின் மொழி. லாடிப்போ முதியவர்களிடமும் பூசாரிகளிடமும் கேட்டுச் சேகரித்த துதிப்பாடல்களின் அடர்த்தியான மொழியை மேடைக்குக் கொண்டுவந்தார். கவிதை என்று பார்த்தால் லாடிப்போ உயரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் மேடையில் நிகழ்காலம் குறைவு. 'ஓபா வாஜா' மட்டும் விலக்கு. ஓயோ மன்னர் இறந்ததும் அவரோடு சாக வேண்டிய குதிரைத் தளபதியை வெள்ளை அதிகாரி தடுக்க, தந்தைக்குப் பதில் மகன் செத்துப்போன உண்மை நிகழ்ச்சி. சோயிங்கா பின்னால் 1975-ல் 'மரணமும் மன்னரின் குதிரைக்காரனும்' என்று எழுதியதும் இதைத்தான். லாடிப்போவில் மகன் கானாவிலிருந்து திரும்புகிறான். பழி நேராக வெள்ளை அதிகாரி தலையில் விழுகிறது. சோயிங்காவில் அவன் இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பவன். தடுக்கப்படுவதற்கு முன்பே தளபதியின் மனசு தளர்ந்துவிடுகிறது. இந்தத் தளர்ச்சிதான் சோயிங்காவின் மேதமை. இரண்டையும் வாசித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இது: ஊர்க்காரர்கள் முன்னால் ஆடியவருக்கு அந்தத் தளபதியைப் பலவீனனாகக் காட்டும் சுதந்திரம் இருந்திருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அவனுக்கு உறவாக இருக்கலாம்.

எல்லாருக்கும் மேடை சோறு போடவில்லை, உயிரையாவது விட்டுவைத்ததா என்றால் அதுவும் இல்லை. உகாண்டாவின் ராபர்ட் செருமாகா டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். நாடு திரும்பி 1960-களின் கடைசியில் கம்பாலாவில் 'தியேட்டர் லிமிடெட்' தொடங்கினார். பெயரிலேயே பொருளாதாரக்காரர் தெரிகிறார் பாருங்கள். முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். இடி அமீன் வந்தபிறகு அவர் மேடையிலிருந்து சொற்கள் குறையத் தொடங்கின. 'அபாஃபுமி' குழுவோடு செய்த 'அமாயிரிகிட்டி'யில் அசைவும் ஒலியும்தான். சொல் இல்லாத நாடகத்தில் தணிக்கைக்காரன் எதை அடிப்பான்? அதே ஊரில் லுகாண்டா மொழியில் எழுதி இயக்கிய பைரன் கவாட்வா, தேசிய அரங்கின் இயக்குநர், 1977-ல் லாகோஸ் ஃபெஸ்டாக் விழாவில் நாடகம் போட்டுவிட்டு ஊர் திரும்பியதும் அமீனின் ஆட்களால் கொல்லப்பட்டார். செருமாகாவின் மௌனத்தை வெறும் அழகியல் சோதனை என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கவாட்வா நினைவுதான் வரும். செருமாகா கடைசியில் மேடையையும் விட்டார். அமீனை வீழ்த்தும் போராட்டத்தில் சேர்ந்தார், 1979-ல் வணிக அமைச்சரானார், ஆட்சி கவிழ்ந்தது, 1980-ல் நைரோபியில் இறந்தார். 41 வயதுகூட நிறைந்ததோ என்னவோ.

ஒகுண்டேக்கு வருகிறேன். 1970-களின் இறுதியில் அவர் சினிமாவுக்குப் போனார். 1979-ல் ஓலா பாலோகுன் இயக்கத்தில் 'ஐயே', அடுத்து 'ஜாயேசிமி'. வேலைநிறுத்தமும் தோட்டாவும் இருந்த இடத்தில் இப்போது சூனியக்காரிகள். கூட்டம் மேடைக்கு வந்ததைவிட அதிகம். இந்தப் படங்களை யொருபா பிரபஞ்சப் பார்வையின் வெளிப்பாடு என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவற்றில் ஒரு களைப்புதான் தெரிகிறது. தீமைக்கு முகவரி தெரிந்து அதன் வாசலுக்கே போய் ஆடியவர், தீமையை இருட்டில் திரியும் கிழவிகளிடம் ஒப்படைத்துவிட்டார். அதுவும் ஊர் ஊராய்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த கம்பெனியிலிருந்து இது வந்தது என்பதை எப்படிச் சொல்வது! படம் வந்தபின் மேடையும் மெல்லக் காலியானது. ஒரு படச்சுருள் போதும். இருபது முப்பது பேருக்குச் சோறும் லாரியும் தேவையில்லை. கம்பெனிகளைச் சினிமா அரித்தது, எண்பதுகளின் பொருளாதாரச் சரிவு சாய்த்தது. மிச்சமிருந்த நடிகர்கள் வீடியோ படங்களுக்குப் போனார்கள்.

அரசு கடைசிக் காலத்தில் அவரைத் தேசிய நாடகக் குழு அமைக்க அழைத்தது. அவர் கடைசியாக நடித்த படம் 'மிஸ்டர் ஜான்சன்', புரூஸ் பெரெஸ்ஃபோர்ட் இயக்கியது. ஜாய்ஸ் கேரியின் நாவல். இந்த நாவல் காட்டிய நைஜீரியாவைப் படித்து வந்த எரிச்சலில்தான் ஆச்செபே 'சிதைவுகள்' எழுத உட்கார்ந்தார். வெள்ளை அதிகாரியைக் கும்பிடும் குமாஸ்தாவின் கதையில் ஒகுண்டேக்கு ஒரு துணைப் பாத்திரம். படப்பிடிப்பு நடந்த டோரோ, ஜோஸ் நகரத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. 1946-ல் போலீஸ் அவர் நாடகத்தை நிறுத்திய அதே ஜோஸ். 1990 ஏப்ரல் 4 அன்று லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அவர் வரும் காட்சிகளில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. நிற்கிறார், பேசுகிறார், பக்கவாட்டில் ஒரு பார்வை பார்க்கிறார். அந்தப் பார்வைக்காக இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.